ஏலக்காய் சாக்கில் ஃபியூஸ் பல்பு

உங்கள் வீட்டில் ஃபியூஸ் போன பல்பை என்ன செய்வீர்கள்? நான் குப்பை வண்டிக்குக் கொடுப்பேன் – வெங்காயச் சருகு, இட்லி கட்டிவந்த இலை எல்லாவற்றோடும் சேர்த்து. சோம்பலாக இருந்தால் பரணில் எறிவேன். அவ்வளவுதான் என் சுற்றுச்சூழல் அறிவு!

போன வாரம் அதற்குத் தடை வந்தது.

"சுருள் பல்புக்குள்ள பாதரசம் இருக்காம். ஒடைஞ்சா வெசம். எலெக்ட்ரிக்கல் கடை பாய் பழச எல்லாம் தனியா வாங்கி, பத்திரமா அழிக்கிறவங்ககிட்ட ஒப்படைக்கிறாராம். வெரசா கொண்டு போய்க் குடுங்க" என்றாள் மனைவி.

பரணிலிருந்து ஒரு குவியலே இறங்கியது. ஏலக்காய்ச் சந்தை ஊரான எங்கள் போடியில் எதைக் கட்டவும் ஏலக்காய் சாக்குதானே? கட்டி வாசலில் வைத்துவிட்டு, சட்டை மாட்ட உள்ளே போனேன். திரும்பி வந்தால்... சாக்கைக் காணோம்!

அடுத்த வாசல், ஏலக்காய் தரம் பிரிக்கிற ஷெட். குரங்கணி மலைத் தோட்டத்திலிருந்து ஏலக்காய் ஜீப் வந்து நின்றிருந்தது. லோடு இறக்கும் பாண்டியைக் கேட்டேன்.

"அது உங்களுதாண்ணே? காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தேன். கலகலன்னுச்சு. நல்லா காஞ்ச சரக்குன்னு உள்ள எறக்கிட்டேன்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஏலக்காய் காய்ந்ததா என்று இந்த ஊரே அப்படித்தான் பார்க்கும். ஃபியூஸ் பல்பையும் நாம் அப்படித்தானே பார்க்கிறோம்?

ஓடினேன். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெறுங்கையால் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான மாரியம்மா என் சாக்கின் கட்டை அவிழ்த்து, கவிழ்க்கப் போனார்.

"கொட்டாத ஆத்தா, கொட்டாத! கையக் கிழிச்சிரும்!"

மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். ஷெட்டே சிரித்தது. "ஏலத்துக்குப் போயிருந்தா மொதத் தரம்னு எடுத்திருப்பாக!" என்றார் ஒருவர்.

மாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு உங்க தெருக் குப்பை வண்டியிலதாண்ணே சோலி பாக்குறாரு. ரெண்டு மாசத்துக்கு முந்தி, குப்பையப் பிரிக்கையில ஒடஞ்ச பல்பு உள்ளங்கையக் கிழிச்சிருச்சு. அஞ்சு தையலு. அன்னைக்கு யாரும் இப்படிக் கத்திக்கிட்டு ஓடி வரலையே?"

அது என் வீட்டு பல்பாக இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. சாக்கை இரண்டு கையாலும் அணைத்தபடி பாய் கடைக்கு நடந்தேன்.

பல்பு போய்விட்டதா என்று ஒரு ஆட்டு ஆட்டினால் தெரிந்துவிடுகிறது. என்னை ஆட்டிப் பார்க்க ஒரு மாரியம்மா வேண்டியிருந்தது!