இருபத்து நான்காவது எண்

என் மேசை இழுப்பறையில் ஒரு நம்பரிங் மிஷின் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்புச் சாமான். தலையில் அமுக்கினால் தாளில் ஒரு எண் விழும். உள்ளே சக்கரம் தானாக அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிடும். பன்னிரண்டு வருடமாக அந்தச் சக்கரம் இருபத்து நான்கில் நிற்கிறது. வாரம் ஒரு முறை எடுத்துத் துடைப்பேன், எண் மாறவில்லை என்று பார்த்துக்கொள்வேன், அமுக்காமல் வைத்துவிடுவேன். “என்னப்பா அது, வெடிகுண்டா? தொட்டா வெடிச்சிருமா?” என்று மகன் கேலி செய்வான். வெடிக்கும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பத்து மூன்று வருடம் அலுவலக வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் கண்காணிப்பாளர். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மாடிக்குப் பத்தொன்பது படி. வேதியியல் துறை வராண்டாவில் ஏழு ஜன்னல், அதில் இரண்டுக்குக் கொக்கி இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்தால் அன்றைக்கு ஆபத்து ஒன்றும் வராது என்று எனக்கொரு நினைப்பு. அந்தத் துறைக்குத் தலைவராக வந்த பேராசிரியை இதைக் கவனித்திருக்கிறார்; அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் கேட்டார்: “எல்லாத்தையும் எண்ணுறீங்களே சார், பிஎச்.டி.க்கு யார் யார் வந்து கேட்டாங்க, யாரைச் சேர்த்தோம்னு எண்ணியிருக்கீங்களா?” எண்ணியதில்லை. பழைய பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று நாள் எண்ணினேன். கேட்டு வந்தவர்களில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். சேர்ந்தவர்களில் அப்படி இல்லை. எஸ்.சி. பிள்ளைகளின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் வந்த கட்டிலேயே தங்கிவிட்டிருந்தன. நான் கணக்கெழுதிக் கொடுத்த சீட்டை அம்மா படித்தார், நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அந்தக் கட்டுகளைக் கட்டியவன் நான் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அந்த வருடம் அம்மா ஒரு புது முறை கொண்டுவந்தார். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில்தான் பெயர், ஊர், சாதி, தகப்பன் தொழில் எல்லாம் இருக்கும். அதைக் கழற்றி உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். ஆய்வைப் பற்றி எழுதிய பக்கங்கள் மட்டும், எண் போட்டு, தேர்வுக் குழுவின் கைக்குப் போகும். எண்ணுக்குத்தான் மதிப்பெண். ஐந்து இடம், விண்ணப்பம் இருபத்து மூன்று. எண் போடும் வேலை எனக்கு. ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. இந்த நேரத்தில் இதெல்லாம் வேண்டுமா என்று இருந்தது. ஒரு கட்டுக்கு மூன்று தடவை சரிபார்த்துக் குத்தினேன்.

குழு கூடிய அன்று சான்றிதழ்களுடன் எல்லாரும் வராண்டாவில் காத்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் திருவரங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண். அவள் தாயார் முந்திரி உடைக்கும் கூலி. முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கை கறுத்து, தோல் உரிந்துபோகும் வேலை அது. அந்த எண்ணெயைப் பற்றித்தான் அவள் ஆய்வு செய்யக் கேட்டிருந்தாள். முடிவு எப்போது தெரியும் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். “இது கெடைக்கலைன்னா திங்கக்கெழமை திருப்பூர் கம்பெனிக்குப் போறேன் சார். அக்காவோட சேந்து வரச் சொல்லிட்டாங்க” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு, “அங்கயும் நம்பர்தான், டோக்கன் குடுப்பாங்களாம்” என்றாள். அவளுடைய எண் இருபத்தொன்று. அது எனக்கு மட்டும் தெரியும்.

அம்மாவை முதல்வர் அழைத்திருந்தார். குழுவில் மற்ற இருவரும் அறையில் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூத்த பேராசிரியர் ஒருவர், வெளியூரிலிருந்து வந்தவர் ஒருவர். டீ சொல்லலாமா என்று கேட்கப் போன நான் கதவருகே நின்றுவிட்டேன். உள்ளே மூத்தவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “பதினாறு வரைக்கும் நல்லாப் பாருங்க சார். அதுக்கு மேல உள்ளதைச் சும்மா ஒரு பொரட்டுப் பொரட்டினாப் போதும். நம்ம சூப்பிரண்டு அடுக்குற அடுக்கு எனக்குத் தெரியாதா?”

முப்பத்து மூன்று வருடமாக உதவித்தொகைப் பட்டியல், அரசு அறிக்கை என்று எந்தக் கட்டானாலும் நான் அடுக்குவது ஒரே வரிசை: முற்பட்டோர் மேலே, அடுத்துப் பிற்பட்டோர், அதன் கீழே மிகவும் பிற்பட்டோர், கடைசியில் எஸ்.சி. பெயரை மறைத்தேன், ஊரை மறைத்தேன். அதற்கு முன்பே கை தன் வழக்கப்படி அடுக்கி முடித்திருந்தது. அந்த வரிசையில்தான் எண் குத்தியிருக்கிறேன். விண்ணப்பித்த எஸ்.சி. பிள்ளைகள் ஏழு பேர் என்பது துறைக்கே தெரியும்; மறைத்ததையெல்லாம் எண்ணே சொல்லிவிட்டது.

வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் குறிப்பாணை வரும், ஓய்வூதியம் நிற்கும், சிரிப்பார்கள். வராண்டாவில் நடந்தேன். ஏழு ஜன்னல். திரும்பி நடந்தேன். கடைசி பெஞ்சில் அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், முடிவு வந்துவிட்டது என்று நினைத்து. அதற்குப் பிறகு நிற்க முடியவில்லை. மாடிப்படியில் அம்மாவை மறித்தேன்.

“எண் தப்பாயிருச்சும்மா.”

“எத்தனாவது எண்?”

“எல்லாமே.”

சொல்லி முடிக்கும்வரை கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டார். “வேணும்னு செஞ்சீங்களா?” என்றார். இல்லை, கைப்பழக்கம் என்றேன். “எனக்கும் பாத்ததும் தெரிஞ்சிருக்கணும். தெரியலையே” என்றார். “போயி மிஷினை எடுத்துட்டு வாங்க.”

குழுவினர் கையிலிருந்த தாள்களை வாங்கினார். ஆய்வகத்து நீள மேசையில் பரப்பி, சீட்டைக் கலைப்பதுபோல் கலைத்தார். பழைய எண்களின் மேல் நான் காகிதம் ஒட்ட ஒட்ட, அவரே சக்கரத்தை ஒன்றுக்குத் திருப்பி, ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை குத்தினார். உறைகளுக்கும் அப்படியே மாற்றினோம். “எண் போட்டதுல என் தப்பு. மொதல்லேருந்து படிங்க” என்று குழுவிடம் கொடுத்தார். ஐந்து பேரில் நான்காவதாக அந்தப் பெண் தேறினாள்.

மூத்த பேராசிரியர் மேலே எழுதிப் போட்டார். நடுவில் எண்களைத் திருத்தியது யார் என்று கேட்டு அம்மாவுக்குக் கடிதம் வந்தது. அவர் பதில் எழுதி என்னிடம் தந்தார். தட்டச்சு செய்தவன் நான். நான்கே வரி. முதலில் எண் போட்டதும் தவறு செய்ததும் திருத்தியதும் தாமே என்றிருந்தது. மூன்றாவது வரியில் கை நின்றது. எதிரே நின்றவர், “எட்டு மாசந்தானே சார். பேசாம அடிங்க” என்றார். அடித்தேன். துறைத் தலைமை அவரை விட்டுப் போனது; பணியில் இருந்தவரை எந்தத் தேர்வுக் குழுவிலும் அவரை மறுபடி போடவில்லை. என் பணி நிறைவு நாளில், கணினி வந்ததால் கழித்துக்கட்டிய சாமான்களிலிருந்து இந்த மிஷினை அலுவலகத்தில் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். எண்ணுகிறவரிடமே இருக்கட்டும் என்றார். அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. நான் ஒரு தடவைகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை. பயம்தான் காரணம்.

போன வாரம் அந்தப் பெண் போனில் பேசினாள். வேறொரு கல்லூரியில் பேராசிரியையாக இருக்கிறாள். இந்த வருடம் ஆய்வு மாணவர்களைச் சேர்க்கும் பொறுப்பு அவளுக்கு. அம்மாவின் முறையையே வைத்துக்கொள்ளப் போகிறாளாம். “அம்மாவே மொதத் தடவை எண்ணுல தப்புப் பண்ணிட்டாங்கல்ல சார்? பழக்கம் அவங்களையே ஏமாத்திருச்சுன்னு எங்க ஆளுங்ககிட்டச் சொல்லியிருக்கேன்” என்றாள். நான் “ம்” என்றேன். போனை வைத்த பிறகு இரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது.

அதனால்தான் இதை எழுதினேன். இன்று காலை இழுப்பறையைத் திறந்து மிஷினை எடுத்து, இதன் முதல் தாளின் மேல் வைத்தேன். அமுக்கினேன். எண் சற்றுச் சாய்ந்து விழுந்தது: இருபத்து நான்கு. முதல் பிரதி அந்தப் பெண்ணுக்குப் போகிறது. அம்மா கலைத்துப் போட்ட இருபத்து மூன்றுக்கு அடுத்தது இதுதான். இதில் பெயரை மறைக்கவில்லை. அடியில் என் கையெழுத்து இருக்கிறது.