மேலத்தெரு வழியாக

பாடையில் படுத்திருந்தவர் சிரித்துவிட்டதால் மூன்றாவது டேக் வீணாய்ப் போனது. மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு ரூபாய் என்று இரண்டு டேக் வரைக்கும் கட்டையாகக் கிடந்த மனிதர்தான். மூன்றாவதில் வயிறு குலுங்க ஆரம்பித்தது. தூக்கி வந்த நாங்கள் நான்கு பேரும் பாடை ஆடுவதை உணர்ந்து நின்றுவிட்டோம். டைரக்டர் ஓடி வந்து, "என்னய்யா ஆச்சு?" என்றார். பிணம் எழுந்து உட்கார்ந்து பஞ்சைப் பிடுங்கியது. "லேசாக் கண்ணத் தொறந்து பாத்தேன்டா. உரக்கடை மொதலாளி துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டு நிக்கிறாக. எனக்குடா! எனக்குத் துண்ட எடுத்துட்டாக!" அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. தெருவே அவரோடு சேர்ந்து சிரித்தது, உரக்கடைக்காரர் உட்பட. அவருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது.

செத்தவராக நடித்தவர் டைரக்டரின் அப்பா. எழுபதைத் தாண்டியவர். திராட்சைத் தோட்டங்களில் கொடிக்குக் கவாத்து வெட்டியே முதுகு வளைந்தவர். ஊர் சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகி விடுவார்கள். கிழக்கே காலனி. காலனி என்றால் என்ன பொருள் என்று தமிழில் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேற்கே ஆற்றங்கரையில் சுடுகாடு. நடுவே நேர்கோடாக மேலத்தெரு, நல்ல தார் ரோடு. காலனி ஆட்கள் அந்தத் தெரு வழியாகத்தான் கடைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். செத்துப்போனால் மட்டும் போக முடியாது. பிணம் வயல் வரப்பில் இறங்கி, வாய்க்காலைக் கடந்து, சுற்றிக்கொண்டு போக வேண்டும். எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. எழுதி வைக்காததால்தான் அதை யாராலும் அழிக்கவும் முடியவில்லை.

என் தொழில் லொகேஷன் மேனேஜர். சென்னையிலிருந்து வரும் சினிமாக் கம்பெனிகளுக்கு அருவி, தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், பழைய வீடு என்று கேட்டதைக் காட்டுவேன். கூட்டத்துக்கு ஆள் கேட்டால் காலனியிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போவேன். அவர்களுக்கு எந்தப் படத்திலும் ஒரே வேலைதான். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசையில் உட்காருவார்கள், இல்லையென்றால் வில்லனுக்குப் பின்னால் அரிவாளோடு ஓடுவார்கள். பல வருடம் இதைச் செய்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்த வேனில் சின்ன வயதில் ஏறியவர்களில் ஒருவர்தான் பின்னால் டைரக்டர் ஆனவர். சென்னையில் உதவி இயக்குநராக நாயாக அலைந்து, இந்தக் கதையை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறியிருக்கிறார். கதை பிரமாதம், பாடை எந்தத் தெருவில் போனால் என்ன, அதை விட்டுவிட்டு ஒரு காதலை வை என்றார்களாம். கடைசியில் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு அவரே எடுக்க வந்துவிட்டார். பதினொரு பேர், இரவல் கேமரா, விளக்குக்குப் பதில் வெயில். சாப்பாடு அவருடைய அம்மா சமைத்தார்.

கதை ஒரு வரிதான். ஒரு தோட்டக் கூலி சாகிறார்; மகன் அவரை நேர் வழியில் கொண்டுபோய் அடக்கம் செய்கிறான். இதே மாதிரித் தெரு இந்தப் பள்ளத்தாக்கில் ஐம்பது காட்டுகிறேன், வம்பில்லாத ஊராகப் பார்த்து எடுப்போம் என்றேன். டைரக்டர் கேட்கவில்லை. "அண்ணே, எங்கய்யா போக முடியாத தெரு இதுதான். வேற தெருவுல எடுத்தா அது வேற யாரோட கதையோ ஆயிரும்" என்றார்.

மேலத்தெருவில் உரக்கடைக்காரர் வைத்ததுதான் முடிவு. அவர் எனக்குத் தாய்வழியில் சொந்தம், மாமா முறை. நியாயம் பேசிச் சம்மதம் வாங்கலாம் என்று நான் நினைக்கவே இல்லை. நியாயம் பேசுகிற ஆளும் நான் இல்லை. எனக்குத் தெரிந்தது சாமர்த்தியம். "மாமா, படுக்கப்போறது உசுரோட இருக்க ஆளு. பொணம் போனாத்தான தீட்டு? இது சினிமாதான" என்றேன். அவர் யூரியா மூட்டையில் சாய்ந்துகொண்டார். "அதுவும் சரிதான் மாப்ள. உசுரோட இருக்கவன் தெனமும் இங்கிட்டுத்தான போறான்" என்றார். அடுத்த கேள்வி, "நான் எங்கன நிக்கணும்?" என்பது. மதிப்புள்ள பெரிய மனிதராக, துண்டை எடுத்து மரியாதை செலுத்துகிறவராக நிற்க வேண்டும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சாமர்த்தியத்தை டீக்கடையில் யூனிட் ஆட்களிடம் இரண்டு தடவை சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தூக்குகிற ஆட்களில் ஒருவர் வராததால் அன்று நானே தோள் கொடுத்தேன். நான்காவது டேக் ஓகே ஆனது. அந்தத் தெருவில் காலனியின் கொட்டுச் சத்தம் கேட்டது அன்றுதான் முதல் தடவை. மாடிகளில் நின்று ஆளாளுக்குச் செல்போனில் எடுத்தார்கள். தெருமுனையில் நின்றிருந்த காலனிப் பெண்களை யாரும் அழச் சொல்லவில்லை. அவர்கள் அழுதார்கள். கட் சொன்ன பிறகும் பெரியவர் பாடையை விட்டு இறங்கவில்லை. "இன்னும் பத்து வீடுதானப்பா இருக்கு. அங்கன வரைக்கும் கொண்டுபோய் எறக்குங்களேன்" என்றார். கேமரா ஓடவில்லை. நாங்கள் தூக்கிக்கொண்டு நடந்தோம். அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வீடுகளைப் பார்த்தபடியே வந்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், "தடம் போட்டாச்சு, இனி என்னைய அங்கிட்டுத்தான் கொண்டு போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகனிடம் சத்தியம் வாங்கினார். அதுவரைக்கும் என்னை அய்யா என்று கூப்பிட்டவர், "நீங்களும் சாட்சி தம்பி" என்றார். நானும் தலையை ஆட்டினேன். சினிமாவில் ஒருமுறை நடந்தால் நிஜத்திலும் பாதி நடந்த மாதிரிதான் என்று அந்தக் காலனியில் எல்லோரும் நம்பினார்கள். அத்தனை வருடம் சினிமாவிலேயே புழங்கிய நானும் நம்பினேன் என்பதுதான் வேடிக்கை.

எட்டு மாதம் கழித்து, திராட்சைப் பந்தலடியில் மயங்கி விழுந்த பெரியவர் எழுந்திருக்கவில்லை. அடைமழை. வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் நான் உரக்கடைக்குப் போனேன். மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீதான மாப்ள சொன்ன, பொணம் போனாத்தான் தீட்டுன்னு. இப்பப் பொணம்ல?" என்றார். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை என்னிடமே ஒப்பித்தார். வெளியே தெருமுனையில் இளவட்டங்கள் பைக்குகளைக் குறுக்கே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போலீஸ் வந்தது. சட்டப்படி யாரும் தடுக்க முடியாது, வேண்டுமென்றால் பாதுகாப்புத் தருகிறோம் என்று சத்தமாகச் சொன்ன அதிகாரி, நாளைக்கு நாங்கள் இங்கே இருக்க மாட்டோம் என்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். டைரக்டர் அதற்கெல்லாம் அசையவில்லை. போவோம் என்றார். தடுத்தது அவருடைய அம்மா. புருஷன் காலடியில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "உங்கய்யா ஆசப்பட்டாக. இல்லங்கல. நீ காரியம் முடிஞ்சா மெட்ராசுக்குப் போயிருவ. நாள மறுநாள் நான் யாரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக? இந்தப் பிள்ளைக எந்தத் தெரு வழியா பள்ளிக்கூடம் போக? அத மட்டும் சொல்லிட்டுத் தூக்குய்யா."

டைரக்டர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "வாய்க்காப் பக்கமே தூக்குங்கப்பா" என்றார்.

தண்ணீர் நெஞ்சளவு இருந்தது. ஆறு பேர் பாடையைத் தலைக்கு மேல் ஏந்தி இறங்கினார்கள். மகன் கொள்ளிச்சட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நடுவாய்க்காலில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை சரிந்து, பெரியவரின் இரண்டு காலும் இடுப்பு வரைக்கும் தண்ணீருக்குள் போய் வந்தன. மேலே போர்த்தியிருந்த கோடித்துணி கழன்று மிதந்துபோனது. யாரோ அதைப் பிடிக்கப் பாய்ந்து பிடிக்க முடியாமல் திரும்பினார். துக்கத்துக்கு வந்திருந்த கேமராக்காரத் தம்பியின் கை தன்னையறியாமல் கேமராப் பைக்குப் போனது; டைரக்டர் திரும்பிப் பார்த்தார்; கை விலகிவிட்டது. நான் வரப்பில் நின்றேன். படத்துக்காகத் தோள் கொடுத்த நான் அன்று தண்ணீரில் இறங்கவில்லை. என் சொந்தக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டுமே காரணம். வேறு காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கே ஒட்டவில்லை.

சில மாதங்கள் கழித்து டைரக்டர் போனில் கூப்பிட்டார். "அண்ணே, தெரு சீன் மொத்தத்தையும் தூக்கிட்டேன்." பதறிப்போனேன். படத்திலேயே உயிரான இடம் அதுதான், சென்னையில் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்கள் எல்லாம் அதைத்தானே பேசுகிறார்கள் என்று சண்டை போட்டேன். "பேசுறாக அண்ணே. அது வந்ததும் கை தட்டுறாக. அப்பாடான்னு எந்திரிச்சுப் போறாக. எங்கய்யா நனைஞ்சுல்ல போனாக?" என்றார். இப்போது அந்தப் படம், காலனியில் பாடையைத் தூக்குவதோடு முடிகிறது. அப்புறம் திரை இருட்டாகிவிடும். தண்ணீருக்குள் பல கால்கள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த ஒலியைப் பதிவு செய்ய அவர் தானே அதே வாய்க்காலில் இறங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போன மாதம் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துப் படத்தைப் போட்டார்கள். முன்வரிசைகளில் காலனி ஜனங்கள், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி உடுத்தியிருந்தார்கள். மேலத்தெருவிலிருந்தும் இரண்டு வேனில் குடும்பத்தோடு வந்திறங்கினார்கள். தங்கள் தெருவையும் முகங்களையும் பார்க்கிற ஆசையில் செல்போனைக் கையில் பிடித்தபடியே கடைசிவரை காத்திருந்தார்கள். இருட்டில் தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்தது. விளக்கு போட்டார்கள். கை தட்டல் இல்லை. டைரக்டரின் அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உரக்கடைக்காரர் சலவைச் சட்டையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு டைரக்டரிடம் வந்தார். நிஜமாகவே அவருக்கு மனத்தாங்கல். "நல்லாத்தானப்பா எடுத்திருக்க. ஆனா எங்க தெரு ஒரு எடத்துலகூட வரலியே? எம்புட்டு ஒத்தாச பண்ணோம். பொம்பளப் பிள்ளைகள்லாம் பாக்கணும்னு ஆசையா வந்திருக்குக."

டைரக்டர் குரலை உயர்த்தவில்லை. "எங்கய்யா அந்த வழியாப் போகலீங்க" என்றார்.