பிலிம் குப்பியில் போன திருநீறு

என் மகளுடைய மகள் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போன வருடம்தான், மணி அடிக்கும் தொலைபேசியை எடுக்காமல் இருக்க நான் பழகினேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோ நகரின் வோபர்ன் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். மகள், மருமகன், பேத்தி, நான். மருமகனுக்கு இரண்டு வேலை. அவரை நாங்கள் தூங்கும்போதுதான் பார்ப்போம், அதாவது அவர் தூங்கும்போது. பேத்திக்கும் எனக்கும் ஒரே அறை. ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், பல்கலைக்கழகத்தை முடித்த கையோடு, மூன்று மாதம் ஜப்பானைச் சுற்றப் போகிறேன் என்றாள். தனியாக.

எங்கள் ஆட்கள் பயணம் போவதென்றால் யாருடைய வீட்டுக்காவதுதான் போவார்கள். லண்டனில் ஒரு சித்தி இருப்பாள், பாரிசில் ஒரு மாமா இருப்பார். ஜப்பானில் எங்களுக்கு ஒரு பூனைகூடச் சொந்தமில்லை.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்று மகள் கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்," என்றாள் பேத்தி.

அன்றோடு தாயும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஒரே வீட்டுக்குள் என் வாயால்தான் எல்லாம் நடந்தது. "சோறு போட்டுக் கிடக்கெண்டு சொல்லுங்கோ, அம்மா." "பசியில்லையெண்டு சொல்லுங்கோ, அம்மம்மா." நான் நடுவில் தபால்காரி. நேர்மையான தபால்காரி என்று சொல்ல மாட்டேன். 'பசியில்லை' என்று என்னிடம் வந்தது, 'பிறகு சாப்பிடுறாளாம்' என்று போய்ச் சேரும்.

மூட்டை கட்டும்போது பாரம் கூடக் கூடாதென்று பேத்தி பல் விளக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாய் முறித்தாள்.

"பல்லிலையும் பாதியைக் கழட்டி வைச்சிட்டுப் போவன்," என்றேன்.

அவள் குளிக்கப் போன நேரம் நான் என் வேலையைப் பார்த்தேன். கமராவுக்குப் போடும் பிலிம் வருகிற கறுப்புக் குப்பி ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. இறுக்கமான மூடி, தண்ணீர் போகாது. அது நிறையத் திருநீற்றை அடைத்து, மூட்டையின் நடுப் பைக்குள், காலுறைகளுக்குக் கீழே செருகினேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்பாள். கேட்காவிட்டால் எப்படி வேண்டாம் என்பாள்?

அவள் வெளிக்கிட்ட அன்று மகள் லிஃப்ட்வரைகூட வரவில்லை. குசினியில் நின்று, கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

தொலைபேசிக்கு ஒரு சட்டம் போட்டிருந்தோம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் அப்போது இருந்த சட்டம்தான். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு தரம் அடித்து நின்றால், நான் சுகம், எடுக்க வேண்டாம். நிற்காமல் அடித்தால் ஏதோ பிழை, எடு.

அவள் போய் அடுத்த நாளே தொலைபேசி நிற்காமல் அடித்தது. வீட்டில் நான் மட்டும்.

"அம்மம்மா, என்ரை மூட்டைக்குள்ளை வீபூதி வைச்சது ஆர்?"

"ஏன் பிள்ளை, என்ன நடந்தது?"

"நாலு மணித்தியாலம் எயார்போட்டிலை என்னை ஒரு ரூமுக்குள்ளை இருத்தி வைச்சவங்கள். இது என்ன பவுடர் எண்டு கேட்டாங்கள். சாம்பல் எண்டன். என்னத்தின்ரை சாம்பலெண்டு கேட்டாங்கள்."

"நீ என்ன சொன்னனீ?"

"மாட்டுச் சாணி எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல? சாணியை ஏன் கனடாவிலை இருந்து கொண்டு வாறீரெண்டு கேட்டாங்கள். பிறகு ஒரு நாயைக் கொண்டந்து மணக்க விட்டாங்கள்."

"நாய் என்ன சொன்னது?"

"தும்மினது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. குப்பியைத் திருப்பிக் கொடுத்து அவளை விடும்போது கடைசி ரயில் போய்விட்டதாம். விடுதியில் பதிந்து வைத்த கட்டிலும் வேறு யாருக்கோ போய்விட்டதாம். விமான நிலையத்து வாங்கு ஒன்றில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்திருக்கிறாள்.

"அம்மாதானே வைச்சவ?" என்றாள்.

நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அந்த வீட்டில் என்னோடு வாயாடுகிற ஆள் அவள் ஒருத்திதான். அவளும் கோபித்துக்கொண்டால் எனக்கு யார் கதை சொல்வது?

"கொம்மான்ரை குணம் உனக்குத் தெரியும்தானே," என்றேன்.

"எனக்குத் தெரியும். இனி அவவோடை கதைக்க மாட்டன் எண்டு சொல்லிவிடுங்கோ."

அந்தத் தபாலை நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. 'சுகமாய்ப் போய்ச் சேர்ந்திட்டாளாம்' என்று மட்டும் கொடுத்தேன்.

பிறகு புதன்கிழமைகள் வந்தன. எட்டு மணிக்கெல்லாம் வீடு காலி. நான் முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, சேலையைச் சரி செய்துகொண்டு தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். எடுக்கப் போகாத தொலைபேசிக்கு ஏன் தலை இழுக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். கை தவறிப் போய் எடுத்துவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வேன். ஒன்று அடிக்கும். இரண்டு அடிக்கும். நிற்கும். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மட்டும் கேட்கும். அடுத்த புதன்வரை அதுதான் என் பேச்சுத் துணை.

பின்னேரம் மகள் வேலையால் வந்து, கோட்டைக் கழற்ற முதல் கேட்பாள்.

"அடிச்சதோ?"

"ரெண்டு."

அவ்வளவுதான். தேத்தண்ணி போடப் போவாள்.

இடையில் எனக்குத் தபாலட்டைகள் வரும், தமிழில். அவள் தமிழ் படித்தது நாலாம் வகுப்புவரை, நான் மூன்று. ஒருவர் எழுத்து மற்றவருக்குத் தாராளமாய் விளங்கும். ஒரு விடுதி வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். மிஞ்சியது குழந்தைப் பிள்ளையின் அளவு. அதன் குதியை மிதித்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தாளாம். பலகையில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாமல் ஒரு பஸ்ஸில் கடைசித் தரிப்புவரை போய், ட்ரைவரோடு சேர்ந்து இறங்கினாளாம். ரயிலில் எவ்வளவு சனம் நின்றாலும் தன் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்குமாம். 'நாலு நாளாய் நான் வாய் திறந்து கதைக்கேல்லை அம்மம்மா, குரல் இருக்கோ எண்டு பார்க்கப் பாத்ரூமிலை பாடினன்' என்று ஒன்றில் எழுதியிருந்தாள். அதை வாசித்த அன்று நானும் குளியலறைக்குள் போய் ஒரு தேவாரம் பாடிப் பார்த்தேன். எனக்கும் இருந்தது.

ஆறாவது புதன் தொலைபேசி அடிக்கவில்லை.

பத்துமணிவரை இருந்தேன், பிறகு மதியம்வரை. மகள் வந்து கேட்டபோது முதன்முதலாகத் தபாலை மாற்ற என் நாக்கு வரவில்லை.

"இல்லை," என்றேன்.

ஏழாவது புதனும் அடிக்கவில்லை. மகள் நின்றபடி சாப்பிடத் தொடங்கினாள். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை மூடுவாள்.

"என்னிலை உள்ள கோவத்திலைதான் கோல் எடுக்கிறாளில்லை," என்றாள் ஒருநாள். "லிஃப்ட் வரைக்குமெண்டாலும் போயிருக்கலாம், அம்மா."

திருநீறு வைத்தவள் பக்கத்தில்தான் இருந்தாள். வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த திங்கள் ஒரு தபாலட்டை வந்தது. பதினைந்து நாளைக்கு முன் எழுதியது.

'அம்மம்மா, எனக்குக் காய்ச்சல். மலைக்குள்ளை ஒரு சின்ன ஊர். ஒரே மழை. ரூமிலை வேறை ஆக்கள் இல்லை. போன் தெருக்கோடியிலை, எழும்பி நடக்க ஏலாமல் கிடக்கு. வீட்டுக்கார மனிசி கஞ்சி தாறா. அவ சொல்லுறது எனக்கு விளங்காது, நான் சொல்லுறது அவவுக்கு விளங்காது. நேற்று சொக்ஸ் தேடேக்கை அம்மா வைச்ச வீபூதி கையிலை பட்டுது. பூசிப்போட்டுப் படுத்தன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டாலும் அம்மா அதை வைச்சு விட்டிருக்கிறா. அம்மாவோடை கதைக்க வேணும் போலை கிடக்கு. அந்த மனிசியே இதைத் தபாலிலை போடுறா.'

மூன்று தரம் வாசித்தேன். அம்மா நாலு இடத்தில் இருந்தாள். அம்மம்மா ஒரு இடத்தில், தலைப்பில்.

மகள் வந்ததும் அட்டையைக் கையில் கொடுத்தேன். கோட்டோடு நின்றே வாசித்தாள்.

"நான் ஒண்டும் வைக்கேல்லையே, அம்மா."

"வைச்சனீ."

"எப்ப?"

"அவள் குளிக்கேக்கை. பிலிம் குப்பிக்குள்ளை. நடுப் பையிலை, சொக்சுக்குக் கீழை."

என்னைப் பார்த்தாள். அவளைப் பெற்ற நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை அவள் என்னைப் பார்த்ததில்லை. நான் அன்றும் நறுக்கிக்கொண்டிருந்த வெண்டிக்காயின் காம்பைப் பார்த்தேன். விமான நிலையத்து நாயிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களுக்கு வெக்கமில்லையோணை?"

"இருந்தது. பிளேனிலை பாரம் கூடிப்போச்செண்டு விட்டிட்டு வந்தனான்."

அவள் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தாள். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப அவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றாள்.

"நான்தான் வைச்சனான் எண்டு சொல்லு."

"பொய்யெல்லோ."

"நான் வைச்சது. நீ என்ரை வயித்திலை இருந்து வந்தனீ. பாதிப் பொய்தான்."

புதன்கிழமை மகள் வேலைக்கு லீவு சொன்னாள். என் கதிரையில் அவள் இருந்தாள். அவளும் தலை இழுத்திருந்தாள். நான் குசினி வாசலில் நின்றேன். ஒன்பது தாண்டியது. ஒன்பது பத்துக்கு அடித்தது.

"எடு," என்றேன்.

"ரெண்டோடை நிண்டால் சுகமெல்லோ. எடுத்தால் அவளுக்குக் காசு."

"எடு பிள்ளை."

இரண்டாவது மணி முடிய முதல் எடுத்தாள். எனக்குக் கேட்டது ஒரு பக்கம்தான். "ஓம்… காய்ச்சல் விட்டிட்டுதோ… ஓம், நான்தான்." பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஓம் மகள், நான்தான் வைச்சனான்."

நன்றாகவே சொன்னாள். எனக்குப் பிறந்தவள்தானே.

"அம்மம்மா இஞ்சைதான் நிக்கிறா, பொறு, குடுக்கிறன்," என்று ரிசீவரை நீட்டினாள். நான் போய்க் காதில் வைக்க, அவளுடைய தொலைபேசி அட்டையில் காசு முடிந்து, வெறும் 'ஊ' என்ற சத்தம் வந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் பிள்ளை," என்றேன் அந்தச் சத்தத்துக்கு. "கவனம். சொக்ஸை உலர்த்திப் போடு. ஓம், ஓம். வைக்கட்டே."

அதன்பிறகு பேத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுக்கத் தொடங்கினாள், தாய் வீட்டில் நிற்கும் நாள் பார்த்து. அதுதான் முறை. மணி அடித்ததும் மகள் ஓடிப் போய் எடுப்பாள். கடைசியில் எனக்கும் ஒரு நிமிடம் வரும், "சாப்பிட்டீங்களோ அம்மம்மா" என்று.

புதன்கிழமை யாரும் கூப்பிட வேண்டிய தேவையில்லை. ஆனாலும் நான் முகம் கழுவி, தலை இழுத்து, கதிரையில் போய் இருந்தேன். ஒருநாள் ஒன்பதரைக்கு அடித்தது. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்தேன். ஒன்று. இரண்டு. நிற்கவில்லை. நாலாவது மணிக்கு எடுத்தேன்.

ஒரு ஆண்குரல். இங்கிலீஷ். வேகமாக, ஆனால் பணிவாகக் கதைத்தது. தரைக் கம்பளத்தை 'காப்பெற்' என்றது விளங்கியது, 'கிளீனிங்' விளங்கியது.

"யேஸ்," என்றேன்.

அவருக்குப் பெரிய சந்தோஷம். இன்னும் கொஞ்சம் கதைத்தார். அதற்கும் யேஸ் என்றேன். பிறகு ஏதோ கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். இது என்னுடைய முறை.

"தம்பி, நீர் சாப்பிட்டிட்டீரோ?" என்று கேட்டேன்.

"சொறி?" என்றார்.

"எங்கடை வீட்டிலை காப்பெற் இல்லை, ராசா. பலகைத் தரை. அது பரவாயில்லை, நீர் கதையும்."