ஹெட்லி ரேம்ஸ்டன் அடிக்காத கோல்

ஹெட்லி ரேம்ஸ்டன் கார்ல்ஷா கால்பந்துக் கிளப்புக்காகப் பதினான்கு வருஷம் நடுக்களத்தில் ஆடினார். ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோல்கீப்பர்களை விட்டுவிட்டால், நான்காம் டிவிஷனில் இவ்வளவு காலம் ஆடி பூஜ்யத்தை இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றியவர் வேறு யாரும் இல்லை என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கார்ல்ஷாவில் பெருமைப்பட வேறு அதிகம் கிடையாது.

அவருடைய வேலையும் கோல் அடிப்பதல்ல. எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் திறமைசாலியிடம் தள்ள வேண்டும். பிடுங்குவதில் ஹெட்லி கெட்டிக்காரர். தள்ளுவதில் தாராள மனசு. பக்கத்தில் நிற்பவன் திறமைசாலியா என்றெல்லாம் பார்க்க மாட்டார். ஆட்டத்துக்கு முன்னால் மேனேஜர் டக்ளஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்.

"பந்து கெடச்சா என்ன பண்ணணும்?"

"குடுத்துடணும் பாஸ்."

"எப்ப?"

"உடனே பாஸ்."

"அவ்வளவுதான், போ."

பதினான்கு வருஷத்துக்கும் அவர் பெற்ற பயிற்சி இதுதான்.

மூன்றாவது வருஷம் வாக்கில் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் வந்தது. ஹெட்லி காலில் பந்து பட்டால் போதும், மைதானமே ஒரே குரலில் "அடிடா ஹெட்லி" என்று கத்தும். எதிரணி கோல் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும். இவர் சொந்தக் கோலுக்குப் பக்கத்தில் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருப்பார். அதனால் என்ன, கத்துவார்கள். முதலில் ஹெட்லிக்குக் காது சிவந்தது. பிறகு மழைக்குப் பழகுவதுபோல் அதற்கும் பழகிவிட்டார். அவர் மனைவி மேவிஸ் பார்வையாளர் வரிசையில் பிளாஸ்க் டீயோடு உட்கார்ந்து தானும் சேர்ந்து கத்துவாள்.

"நீயுமா?" என்று ஒரு நாள் வீட்டில் கேட்டார்.

"எல்லாரும் கத்தறப்ப நான் மட்டும் கம்முனு இருந்தா உன் பொண்டாட்டின்னு கண்டுபுடிச்சிருவாங்களே கண்ணு" என்றாள் மேவிஸ்.

ஆனால் ஹெட்லிக்கு ஆசை இருந்தது. ஒரே ஒரு கோல். அழகாக இருக்க வேண்டுமென்றுகூட இல்லை, முதுகில் பட்டு உள்ளே போனாலும் சரி. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன்.

மலைக்கு அந்தப் பக்கம் பிக்கர்டேல் என்று ஓர் ஊர். அந்த ஊர் அணிக்கும் எங்கள் அணிக்கும் ஆகாது. அங்கே பெண் எடுத்தவனை இங்கே கொஞ்ச நாள் நோயாளிபோல் பார்ப்பார்கள். அந்த அணியின் கோல்கீப்பர் வில்ஃப் தோர்ப், ஹெட்லியோடு ஒரே தெருவில் பிறந்து ஒரே பள்ளியில் அடி வாங்கியவர். வில்ஃபும் சுமாரான ஆட்டக்காரர்தான். பத்திரிகையில் அவர் பெயர் வந்தால் அந்த வாரம் பிக்கர்டேல் மோசமாகத் தோற்றிருக்கிறது என்று அர்த்தம். ஞாயிறுதோறும் இரண்டு பேரும் மலை உச்சியில் இருக்கும் பப்பில் சந்தித்து, ஆளுக்கொரு பெரிய கிளாஸ் பீரும் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரமும் வைத்துக்கொண்டு முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள்.

ஹெட்லியின் கடைசி ஆட்டம் பிக்கர்டேலோடு அமைந்தது. எங்களுக்கு அதில் ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். பிக்கர்டேல் கதை அப்படியில்லை. தோற்றால் கடைசி இடம், லீகை விட்டே அவர்களைக் கழற்றிவிடலாம். சமன் செய்தால் பிழைத்தார்கள். மழை நிற்காமல் பெய்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப் போகிற நேரத்தில் அவர்கள் ஆள் ஒருவன் பதற்றத்தில் பந்தைக் கையால் தட்ட, நடுவர் எங்களுக்கு பெனால்டி கொடுத்தார்.

கடைசி ஆட்டம் ஆடுகிறவனுக்குத்தான் பெனால்டி. இது எங்கும் எழுதி வைத்த விதியல்ல, ஆனால் மீறினால் ஊருக்குள் நடமாட முடியாது. வழக்கமாக அடிக்கிற பையன் பந்தை எடுத்து வந்து ஹெட்லி கையில் வைத்தான். "அடிடா ஹெட்லி" என்று மைதானம் கத்தியது. முதல் முறையாக அதில் நியாயம் இருந்தது.

எதிரே வில்ஃப் கையுறையில் துப்பித் தேய்த்துக்கொண்டு நின்றார். ஹெட்லி சிநேகிதனை நினைக்கவில்லை. பிக்கர்டேலை நினைக்கவில்லை. கோல் வேண்டும் என்று மட்டும் நினைத்தார். இடது மூலையைக் குறிவைத்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தார். பந்து வலது பக்கம், தரையோடு, அவசரம் எதுவுமில்லாமல் போயிற்று. வில்ஃப் அந்தப் பக்கமாக விழுந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். ஆட்டம் சமன். பிக்கர்டேல் ஆட்கள் வில்ஃபைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உடை மாற்றும் அறையில், எல்லாரும் சேர்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தபடி, கேப்டன் கை நீட்டி ஹெட்லியின் தோளைத் தட்டினான்.

"நல்ல மனசுப்பா உனக்கு."

"எதுக்கு?"

"ஃப்ரெண்டுக்காக விட்டுக் குடுத்தியே."

"விட்டெல்லாம் குடுக்கலடா. நல்லாத்தான் அடிச்சேன். அப்படிப் போயிடுச்சு."

"சரி சரி" என்று கேப்டன் கண்ணடித்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு குணம் உண்டு. புகழப்பட்டவன் ஆமாம் என்றால் அவன் திமிர் பிடித்தவன். இல்லை என்றால், செய்திருக்கிறான் என்று அர்த்தம். ரொம்ப இல்லை என்றால், இன்னும் நிறையச் செய்திருக்கிறான். ஹெட்லி ரொம்பவே இல்லை என்றார். அடுத்த ஞாயிறு பாதிரியார் பிரசங்கத்திலேயே அவரைச் சேர்த்துவிட்டார். பேக்கரிக்காரி இறைச்சிப் பலகாரத்துக்குக் காசு வாங்க மறுத்தாள். பிக்கர்டேலில் முன்பின் தெரியாதவர்கள் தெருவைக் கடந்து வந்து கை குலுக்கினார்கள்.

சில வாரம் மறுத்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அலுப்பு ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. உண்மையைச் சொன்னால் அவர் பதினான்கு வருஷம் முயன்றும் ஒரு கோல் போட முடியாதவர். சும்மா இருந்தால், போட முடிந்தும் போடாதவர். இரண்டாவது நாற்காலி மெத்தென்று இருந்தது, உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் மலை பப்பில், ஆட்டத்தை விட்ட பிறகு அவர் வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன் கேட்டான்.

"மறைக்காமச் சொல்லுங்க ஹெட்லி. வேணும்னுதான விட்டீங்க?"

ஹெட்லி கிளாசைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு, கிளாஸ் காலியாவதற்கு முன்னால் பிக்கர்டேலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வாரத்திலிருந்து வில்ஃப் பப்புக்கு வரவில்லை. முழங்கால்தான் காரணம் என்று ஹெட்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சில மாதம் கழித்து பிக்கர்டேல் கிளப், ஒரே அணியில் காலமெல்லாம் உழைத்தவருக்கு நடத்தும் நன்றி ஆட்டத்தை வில்ஃபுக்கு நடத்தப் போவதாக அறிவித்தது. வில்ஃப் வேண்டாம் என்றுவிட்டார். இந்தச் சேதியை வில்ஃபின் மனைவி ஐவி மீன் கடையில் மேவிஸிடம் சொன்னாள். மேவிஸ் மீனோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"வேண்டாம்னுட்டானா? ஏன்?" என்றார் ஹெட்லி.

"எல்லாரும் எதுக்கு கை தட்டுவாங்க? அந்த பெனால்டிக்குத்தான. ஹெட்லி போட்ட பிச்சைக்கு நான் எந்திரிச்சு நின்னு கும்பிடு வாங்கணுமான்னு கேக்கறானாம்."

"நான் எங்க பிச்சை போட்டேன்?"

"போட்டேன்னு சிரிச்சியாமே."

மேவிஸ் மீனைக் கழுவ ஆரம்பித்தாள்.

"அவன் வாழ்க்கையில உருப்படியாப் புடிச்சது அது ஒண்ணுதான் கண்ணு. அதையும் நீ வாங்கி வச்சுக்கிட்டே."

"சொன்னா யாரு நம்பறா?"

"நீ ஊருக்குச் சொல்லாத. அவன்கிட்டப் போய்ச் சொல்லு. போறப்ப பந்தையும் எடுத்துட்டுப் போ, உன் வாயை இனிமே எவனும் நம்ப மாட்டான்."

ஞாயிறு காலை ஹெட்லி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையேறி இறங்கினார். வில்ஃப் வாசலுக்கு வந்து பந்தைப் பார்த்தார், ஹெட்லியைப் பார்த்தார்.

"என்ன?"

"கையுறையை எடுத்துட்டு வா."

"எனக்கு வேலை இருக்கு."

"பத்து நிமிஷம்டா. அப்புறம் என் மூஞ்சிலயே முழிக்காத."

ஊர்ப் பூங்காவில் நாய்கள் மட்டும் இருந்தன. வில்ஃப் விருப்பமில்லாமல் கோலில் போய் நின்றார். ஹெட்லி பந்தை வைத்து, பின்னால் போய், ஓடிவந்து அடித்தார். பந்து வலது பக்கம் தரையோடு வந்தது. வில்ஃப் குனிந்து எடுத்தார்.

"ஒழுங்கா அடி."

"ஒழுங்காத்தான் அடிச்சேன்."

மறுபடி அடித்தார். அது வெளியே போய் ஒரு நாயைத் தொந்தரவு செய்தது. அடுத்தது கம்பத்தில் பட்டது. அதற்கடுத்தது வில்ஃப் நெஞ்சுக்கே வந்தது. ஹெட்லி கோட்டைக் கழற்றிப் போட்டார். முகம் பீட்ரூட்டாகிவிட்டது, மூச்சு இரைத்தது, ஒவ்வொரு அடிக்கும் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஒரு தடவை வழுக்கி விழுந்து எழுந்து அடித்தார். அதற்கப்புறம் வந்ததெல்லாம் அதே வலது பக்கம், அதே வேகம். வில்ஃப் பந்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஹெட்லி முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். அந்த முகத்தில் நடிப்பு இல்லை. ஒரு மனிதன் தன்னால் முடியாத ஒன்றை முழு மனசோடு செய்துகொண்டிருந்தான்.

"போதும்" என்றார் வில்ஃப்.

ஹெட்லி இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றார்.

"இவ்வளவுதானா உன் அடி?"

"இவ்வளவுதான்."

"அன்னிக்கும்?"

"அன்னிக்கு இன்னும் கொஞ்சம் பலமா அடிச்சேன். மழை பெஞ்சுச்சுல்ல, அதான் அதுவும் இப்படியே வந்துச்சு. கோல் போடணும்னுதான்டா அடிச்சேன். உங்க ஊரு நாசமாப் போனாலும் பரவால்லைன்னுதான் அடிச்சேன்."

"அப்ப நான் புடிச்சதுதான்."

"நீ புடிச்சதுதான்."

வில்ஃப் கோல் வாசலில் அப்படியே சேற்றில் உட்கார்ந்து, கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஹெட்லி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்கும் அழுகை வந்தது. அது வேறு காரணத்துக்காக. அன்றும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.