போத்தலின் மேல் யார் பெயர்

மிளகாய் சாஸ் சேகரிப்பது நம் நாக்குகூட நமக்கு நன்றி சொல்லாத தொழில்.

இந்தத் தொழிலுக்கு வந்து சேருமுன் எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன். நான் பழைய சங்கக்காரன். குற்றப்பத்திரிகை வாசிக்காமல் எனக்குக் கூட்டம் தொடங்காது. முதலாவது, நான் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றார்கள். இரண்டாவது, நஷ்ட ஈடு கேட்டுக் கொடி பிடித்தேன்; ஈடு கிடைத்த அன்று எல்லாரும் மேனேஜருக்கு மாலை போட்டார்கள். மூன்றாவது, ஈப்போவுக்குப் பக்கத்து ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்ச் சங்கம் கட்டினேன். முதலாளி என்னை நீக்கினான். நான்காவது, நான் கட்டிய சங்கமே என்னை நீக்கியது. ஐந்தாவது, என் மருமகள் என் சாஸ் போத்தல்களை ஐஸ் பெட்டியிலிருந்து நீக்கினாள். முதல் நான்கையும் மன்னித்துவிட்டேன்.

போத்தல் சேர்க்கும் தோழர்களே, உங்கள் வீட்டு நிலவரமும் இதுதான் என்று எனக்குத் தெரியும். படியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஐஸ் பெட்டி மறியல்

தாய்லாந்து எல்லையில் பேரம் பேசி வாங்கிய பச்சை மிளகாய் சாஸ், பினாங்குச் சீனக் கடையில் கெஞ்சி வாங்கிய பூண்டு சாஸ், மண்டையோட்டுப் படம் போட்ட மெக்சிகோ சாஸ். இவையெல்லாம் ஒரு நாள் காலையில் வாசலில் செருப்பு வைக்கும் ராக்கில் நின்றன. மருமகள் கவிதா மருத்துவமனையில் தாதி. மண்டையோடு போட்ட சாமானை மீனுக்குப் பக்கத்தில் வைப்பது ஆபத்து என்பது அவள் கட்சி.

எனக்குப் பள்ளிக்கூடம் துண்டுப்பிரசுரம்தான். அதில் படித்துத்தான் எழுத்தும் கற்றேன், கோபமும் கற்றேன். உடனே ஒன்று எழுதினேன். 'குளிர்ச்சி எல்லாருக்கும் பொது' என்று தலைப்பு, கீழே மூன்று கோரிக்கைகள். ஐஸ் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, நாற்காலியைப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். கவிதா வேலை முடிந்து வந்தாள், பையை இறக்கினாள், நாற்காலியோடு என்னை ஒரு முழம் நகர்த்தினாள், மீனை எடுத்தாள். பிரசுரத்தை முழுக்கப் படித்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். படித்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, போராட்டம் முடிஞ்சதும் அந்த காந்தத்த மட்டும் கழட்டிக் குடுத்துருங்க, பில்லு ஒட்ட வேணும் லா."

சிவப்புத் தண்ணீர்

ஈப்போவில் பாய் ஒருவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் கேட்டு உட்கார்ந்தேன். மேசையில் பெரிய கம்பெனி சாஸ் போத்தல். சாய்த்தால் உள்ளே இருந்தது சிவப்புச் சாயம் போட்ட தண்ணீர். கம்பெனிக்காரன் ஏமாற்றியது போதாது என்று கடைக்காரனும் தண்ணீர் ஊற்றினால், ஏழையின் ரொட்டி என்னதான் செய்யும்? எழுந்து நின்று இதைக் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். நாசி கண்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். இந்த வர்க்கத்துக்காகத்தான் நான் லாக்கப்பில் கொசுக்கடி பட்டேன்.

பாய் பதறாமல் வந்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து லேபிள் இல்லாத ஒரு போத்தலை எடுத்து என் தட்டில் இரண்டு சொட்டு விட்டார். சிலி பாடி ஊசி மிளகாய், கஸ்தூரி எலுமிச்சை, அடியில் வறுத்த கூனி இறாலின் வாசம். எனக்குக் காது அடைத்தது. கண்ணில் நீர் வந்தது காரத்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசைக்கு எதிர் வரிசையில் இருந்த அஞ்சலை வீட்டு அடுப்பு வாசம் அது. உலகம் முழுக்கப் போத்தல் தேடியவனுக்கு உள்ளூர்ச் சரக்கு தட்டில் வந்து விழுந்தது. "யார் செஞ்சது பாய்?" என்றேன். பாய் சொன்னார்: "லகாட் காலைச் சந்தையில ஒரு அக்கா விக்குது, ஆனா அங்க போயும் இப்படிக் கத்தாதீங்கண்ணே, அது என்னை மாதிரி பொறுமைசாலி இல்ல."

பின்னால் ஆள் நிக்குது

லகாட் சந்தையில் கீரைக்கும் கோழிக்கும் நடுவே ஒரு மேசை, லேபிள் இல்லாத போத்தல்கள், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண். வாங்குகிறவர்கள் எல்லாம் அக்கா, அக்கா என்றார்கள். என்னைப் பார்த்ததும் அவளே, "செங்கொடி அண்ணன்தானே?" என்றாள். எனக்கு மார்பு கொஞ்சம் விரிந்தது. "நீ அஞ்சலை வீட்டுப் பிள்ளைதானே?" என்றேன். "ஆமாண்ணே" என்றாள்.

பேச்சு வாக்கில் விஷயம் வெளியே வந்தது. சந்தையில் விற்பது மிச்சம் மீதிதான். செய்வதில் பெரும்பங்கை ஜெலாப்பாங் கம்பெனி ஒன்று டிரம்மில் ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே அதற்கு வைத்த பேர் 'துரை பங்களா'. லேபிளில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன். கீழே, பழைய தோட்டத் துரைமார்களின் ரகசியச் செய்முறை என்று வேறு எழுதியிருக்கிறது! எங்கள் துரைக்குச் சூப்பில் மிளகுத்தூள் விழுந்தாலே மூக்கு ஒழுகும். அவித்த உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் நம்பாத மனுஷன் அவன். அங்கேயே கையை உயர்த்தினேன். உழைப்பவர் பெயர் உழைப்பின் மேல் இருக்க வேண்டும், இதை நான் விடப்போவதில்லை என்றேன். அவள் என்னை முழுசாகப் பேச விட்டாள். பிறகு சொன்னாள்: "போராடுங்கண்ணே, வேணாங்கல, ஆனா போத்தல் வாங்கறதுன்னா வாங்குங்க, பின்னால ஆள் நிக்குது."

ஜெலாப்பாங் வாசல்

மறியலுக்கு இரண்டு பேர் போனோம். நானும், பழைய லாரி டிரைவர் மாரிமுத்து மச்சானும். மச்சானுக்குக் கொள்கையில் உறுதி உண்டு, முழங்காலில் கிடையாது. ஆகையால் அவர் காருக்குள் உட்கார்ந்து ஆதரவு தந்தார். நான் கம்பெனி வாசலில் நின்று தமிழில் பிரசுரம் கொடுத்தேன். உள்ளே போனவர்கள் எல்லாம் நேப்பாளத்துப் பையன்கள். ஒருவன் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, தன் பீசாங் கோரெங் வாழைப்பழ பஜ்ஜியை அதில் சுற்றிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். என் பிரசுரம் ஒரு தொழிலாளிக்கு நேரடியாகப் பயன்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கலாம்.

பதினோரு மணிக்கு முதலாளியே வெளியே வந்தார். டத்தோ பட்டம் வாங்கிய தமிழர். எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. மூக்கு அப்படியே அப்பன் மூக்கு. போலீஸைக் கூப்பிடுவார், நாலு வார்த்தை திட்டுவார் என்று நான் தொண்டையைச் செருமித் தயாராக நின்றேன். அவர் எனக்கு ஐஸ் போட்ட மைலோ கொடுத்தார். என் கோரிக்கையைக் கேட்டார். வெள்ளைக்காரன் படம் இப்போது விலைபோவதில்லை, உண்மையான தோட்டத்துப் பெண் பெயர் என்றால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று அவருடைய விளம்பரப் பையனும் சொல்கிறானாம். எதிரி இல்லாத வெற்றியைப் போல் அவமானம் வேறில்லை, தோழர்களே. மைலோவைக் கீழே வைத்தேன். டத்தோ பேனாவை எடுத்தார்: "பேரைச் சொல்லுங்கண்ணே, இப்பவே அடிக்கச் சொல்றேன்."

மேடை

சொன்னேன். யோசிக்கவே இல்லை. ஈப்போவில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தார்கள். முன் வரிசையில் பாய், கவிதா, காரிலிருந்து இறங்கி வந்த மச்சான். மேடைக்குப் பக்கத்தில் பெட்டி பெட்டியாகப் போத்தல். சேகரிப்பாளர் என்ற முறையில் துணியை விலக்கிப் பெயரை வாசிக்கும் கௌரவத்தை எனக்குக் கொடுத்தார்கள். பழைய தொண்டை, மைக் தேவைப்படவில்லை. "அஞ்சலை அக்கா காரச் சாஸ்!" என்று வாசித்தேன். கைதட்டல் கூரையில் மோதியது. சாஸ் செய்தவள் மட்டும் தட்டவில்லை. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு வந்தாள்.

"அண்ணே, அஞ்சலைங்கறது எங்க அக்கா. கிள்ளான்ல இருக்கு. அதுக்கு மிளகாய் வாசம் பட்டாலே தும்மல் வரும்."

தோட்டத்தில் ஒரு வீட்டை அந்த வீட்டின் மூத்த பிள்ளை பெயரால்தான் சொல்வோம். அதற்குப் பின்னால் பிறந்ததெல்லாம் 'அந்த வீட்டுப் பிள்ளை'. இதை நான் மேடையில் விளக்க முயன்றேன். யாரும் கேட்கவில்லை. மச்சான் சிரித்த சிரிப்புதான் கேட்டது.

டத்தோ அவளிடம் குனிந்து, "எல்லாம் அடிச்சாச்சுக்கா. இந்த லாட் மட்டும் போகட்டும் லா. அடுத்ததுல பாத்துக்கலாம்" என்றார்.

"இத்தன வருஷம் பேரில்லாம வித்தேன், ஒரு கவலையுமில்ல. இப்ப இன்னொருத்தி பேர்ல விக்கணுமா?" என்றாள். நேராகப் போய்ப் பெட்டிகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "ஒரு போத்தல் இங்கிருந்து நகராது. நாளைக்கு வேன் வந்தா டிரம்மும் காலியாத்தான் இருக்கும்."

கோஷமில்லை, கொடியில்லை, பிரசுரமில்லை. டத்தோ வியர்வையைத் துடைத்தார். விளம்பரப் பையன் யாருக்கோ போன் போட்டு, லேபிளைக் கிழித்துப் புதிதாக ஒட்ட எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தான். அதற்குள் கவிதா எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என் மறியல் எதிலும் என் மருமகள் உட்கார்ந்ததில்லை.

கடைசியில் டத்தோ, "சரிக்கா, மாத்திடறேன்" என்றார். சாஸ் செய்தவள் அப்போதும் எழுந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து ஐசி அடையாள அட்டையை உருவி என்னிடம் நீட்டினாள். "பாய் இங்க வரட்டும், டத்தோவும் நிக்கட்டும், ரெண்டு பேரும் சாட்சி. நீங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு, இதுல என்ன இருக்கோ அத மட்டும் வாசிங்க."

ஆயுள் முழுக்க அடுத்தவர்களுக்காகக் குரல் கொடுத்தே பழகிய நான், அன்று கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் உரக்க வாசித்தேன்: "ராஜம்மா, காளிமுத்து மகள்."