விசை வரிசையைப் பிடுங்கியவர்

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். மனு, விண்ணப்பம், பொலிஸ் முறைப்பாடு எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பேன். டைப்ரைட்டரில் பழகிய கை. கணினிக்கு மாறிய பிறகும் அதே எழுத்து வரிசையில் அடிக்க விட்டது ஓர் இலவச மென்பொருள். கொழும்பில் ஒருவர் வேலை முடிந்த நேரங்களில் எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து விட்டிருந்தார்.

பழைய கணினி பழுதாகிப் புதியது வாங்கினேன். புதிய பதிப்புதான் அதில் ஓடியது. டைப்ரைட்டர் வரிசையைக் காணவில்லை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாகும் முறை மட்டும் இருந்தது. என் கை ஒரே காலையில் ஒன்றும் தெரியாத கையாகிவிட்டது.

அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். "அதைப் பாவிப்பவர்கள் குறைவு. பராமரிப்பது எனக்குச் சுமை. நிரல் திறந்தே இருக்கிறது, தேவையென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது.

சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் நிரலாக்க வகுப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என் வயதில் பாதி. ஆத்திரம் மட்டும் இல்லாவிட்டால் மூன்றாம் கிழமையே விட்டிருப்பேன். ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. என் பதிப்பு வெளிவந்ததும் கண்டி, ஹட்டன், வவுனியாவிலிருந்த தட்டச்சுக் கடைக்காரர்கள் அவருடையதை விட்டு என்னுடையதற்கு வந்தார்கள்.

பிறகுதான் அவர் எனக்குப் போன் எடுத்தார். "ரெண்டையும் ஒண்டாக்குவம் அக்கா."

"நேர்ல வாங்க, பேசுவோம்."

அவர் வரும் நாளன்று என் கணினியிலிருந்து அவருடைய முறையை நீக்கிவிட்டு, டைப்ரைட்டர் வரிசையை மட்டும் வைத்தேன். "இன்னைக்கு மத்தியானம் வர்றவங்களுக்கு நீங்க அடிச்சுக் குடுங்க. அப்புறம் ஒண்ணாக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

முதலில் வந்தவள் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற மகனை அடையாள அட்டை இல்லையென்று பொலிஸில் பிடித்துவிட்டார்கள். அவன் தங்கள் தோட்டத்துப் பிள்ளைதான் என்று தோட்ட ஆபீஸில் எழுதி வாங்க ஒரு மனு வேண்டும்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். நெற்றி வியர்த்தது. நான் பிளேன்டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"நீங்களே அடிச்சுக் குடுங்களேம்மா. மூணு மணி பஸ் போயிரும்" என்றாள் அவள்.

"பொறுங்க, ஐயா அடிப்பாரு."

அவர் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். "என்னில கோவமெண்டா என்னோட வையுங்கோ அக்கா. இந்த மனிசியை விடுங்கோ."

நான் உட்கார்ந்து சில நிமிஷத்தில் முடித்தேன். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் அவள் போய்ச் சேரும்போது ஆபீஸ் மூடியிருக்கும்.

அன்று மாலையே பேசி முடித்தோம். அடுத்த பதிப்பில் இரண்டு முறையும் இருக்கும், டைப்ரைட்டர் வரிசையைப் பராமரிப்பது என் பொறுப்பு. அவரை அங்கே உட்கார வைத்ததற்கு நான் இன்றும் வருந்தவில்லை.

மகனை அடுத்த கிழமை விட்டார்கள். அவன் உள்ளே இருந்ததில் ஒரு நாள் என்னால் கூடியது. அது தெரியாமல் அந்தப் பெண் ஒரு பை நிறையப் போஞ்சிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.