அக்கா மகளின் கணக்குத் தாள்

என் பீரோவின் மேல்தட்டில், ஓய்வூதியப் புத்தகத்துக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் அடியில், நான்காக மடித்த ஒரு விடைத்தாள் நாற்பது வருஷங்களுக்கு மேலாகக் கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு, கணக்கு. எழுதியவள் என் அக்கா மகள். கேள்வித்தாள் தயாரித்தவனும் திருத்தியவனும் நான். தாளில் வாக்கியம் என்று ஒன்றுகூட இல்லை. சின்னச் சின்னக் கட்டங்கள், முக்கோணங்கள், அவற்றின் ஓரத்தில் கோணலாக விழுந்த எண்கள். கேள்விகளும் பெரும்பாலும் எண்ணும் படமுமாகத்தான் இருந்தன. அத்தனை விடையும் சரி. முதல் பக்கத்தின் தலையில், சிவப்பு மையில், நான் எழுதியது இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவிலில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். அவள் என் வகுப்பில் இருந்தாள். கரும்பலகையில் நான் கணக்கை முடிக்குமுன் அவள் வாயில் விடை வந்துவிடும். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாள். எழுதச் சொன்னால் பாதி எழுத்து விட்டுப்போகும். "தலையில இருக்கு மாமா, கைக்கு வரமாட்டேங்கு" என்பாள். சோம்பல் என்று நினைத்து நூறு தடவை எழுதி வரச் சொல்வேன். விரல் வீங்க எழுதி வருவாள், நூறும் நூறு விதமாக.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் குறையக்கூடாது என்று, தேறாது எனத் தோன்றும் பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்திவிடுவோம். தமிழிலும் இங்கிலீஷிலும் அவள் வாங்கியது ஒற்றை இலக்கம். கணக்கில் நல்ல மார்க் இருந்தால் மட்டும், ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அவளுக்காகப் பேச இடமுண்டு. அந்த ஒருவர் நானாகத்தான் இருக்க முடியும்.

ஆசிரியர் அறையில் அவள் தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோது சயின்ஸ் வாத்தியார் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "என்ன வே, வழி ஒண்ணும் காணோம், விடை மட்டும் கரெக்டா நிக்கி! கொஸ்டின் பேப்பர் எடுத்தவரு வீட்டுப் பிள்ளைல்லா! மாமா ராத்திரியே ஓதிட்டாரு போல!" அறையில் இருந்தவர்கள் டீ கிளாஸோடு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாளை மட்டும் திருத்தாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்க விசைத்தறி இரைச்சல். கேள்வியைக் கத்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. சட்டென்று கரண்ட் போனது. தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. "இப்பம் வாசிங்க மாமா, நான் சொல்லுதேன்" என்றாள். ஒரு செவ்வகத்தின் சுற்றளவு நாற்பத்தாறு, பரப்பு நூற்றிருபது, பக்கங்கள் என்ன என்று வாசித்தேன். கண்ணை மூடினாள். "பதினஞ்சு, எட்டு. குறுக்க போனா பதினேழு." குறுக்களவை நான் கேட்கவேயில்லை. "எப்படிட்டீ?" என்றேன். "பாதி இருபத்திமூணு. அதை நடுவுல பிரிச்சு, ஒண்ணொண்ணாத் தள்ளிக்கிட்டே போனேன். எட்டுல வந்து நின்னுட்டு." இன்னும் ஆறு கணக்கு வாசித்தேன். ஆறையும் சொன்னாள். ஜன்னல் வெளிச்சம் மங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. மறுநாள் காலை, பள்ளிக்கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது அந்தத் தாளை எடுத்தேன். முழு மார்க் போட்டால் கேள்வித்தாளை நான் வெளியே விட்டேன் என்றாகும். அவள் பக்கத்துப் பெண்ணிடம் பார்த்தாள் என்றால் என் பெயர் தப்பிக்கும். "பிறரைப் பார்த்து எழுதியது" என்று எழுதி, கீழே ஒரு சைபர் போட்டேன். கூட்டத்தில் தலைமையாசிரியர் அவள் பெயரை வாசித்து, என் பக்கம் பார்த்து, கொஞ்சம் பொறுத்தார். நான் குனிந்து பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தான் என்னிடம் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "மாமனே பெயில் போட்டிருக்கான்னா அதுல ஒரு நியாயம் இருக்கும் மாப்ள" என்றார். அடுத்த வாரம் அவளைப் பக்கத்துத் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்கு அனுப்பினார். பள்ளிக்குப் போக அந்தத் தெரு வழிதான். உள்ளே அவள் முதுகு தெரியும். மூன்று வருஷம் கழித்து ராயகிரியில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தில் என் காலில் விழுந்தாள். பள்ளியில் பழைய விடைத்தாள்களை எடைக்குப் போட்ட அன்று அவள் தாளை மட்டும் உருவி எடுத்து வந்திருந்தேன். எரிக்கவும் முடியவில்லை, ஒருவரிடம் காட்டவும் முடியவில்லை.

போன மாதம் அவள் வந்தாள். தலை நரைத்துவிட்டது. பேத்திக்கு வாசிப்பதில் சிரமமாம். இப்போது பள்ளிக்கூடத்திலேயே கண்டுபிடித்து, பரீட்சையில் கேள்வியை வாசித்துக் காட்ட ஆளும் கூடுதல் நேரமும் தருகிறார்களாம். அதற்கான படிவத்தை நீட்டினாள். "நீங்க வாசிங்க மாமா, நான் சொல்லுதேன்." ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, அவள் சொன்னதை எழுதினேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தச் சிரமம் இருந்ததா என்று ஒரு கேள்வி. சிரித்தாள். "எனக்குத்தான். தைரியமா எழுதுங்க." அடுத்தது, அது எப்போது தெரியவந்தது என்று. "அது யாருக்குத் தெரிஞ்சுது மாமா, விட்டுருங்க" என்றாள். என்னால் எழுதவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்தேன்.

தாளைப் பிரித்ததும் கட்டங்களைத் தடவிப் பார்த்தாள். "ஏ அம்மா, இது நான் போட்டதுல்லா!" பிறகு சிவப்பு மையில் விரலை வைத்தாள். "இது என்ன எழுதியிருக்கிய? வாசிங்க."

"மிக நன்று" என்று வாசித்தேன். இந்த வயதிலும் அதுதான் முதலில் வாயில் வந்தது.

முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம்கூட இல்லை. "நல்லாப் போட்டிருக்கேன்னா, பிறகு எதுக்கு மாமா பெயிலாக்குனிய?"

அப்போதுதான் உள்ளபடி வாசித்தேன். மூன்று சொல்லையும், கீழே இருந்த சைபரையும். அன்று சாயங்காலம் அவள் வீட்டில் வாசித்த கணக்குகளையும், மறுநாள் காலை நான் செய்ததையும் சொன்னேன். அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்து என் கையில் வைத்தாள்.

"இது உங்களுதுதான மாமா. நீங்களே வச்சுக்கிடுங்க."

படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். தாள் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது.